காப்ளினுக்கு அஞ்ச வேண்டுமா?

சதுரங்கத்தில் சிப்பாய்தான் மிக எளிய காய். ஆனாலும், தேர்ந்த ஆட்டக்காரர் எவரும் எதிரியின் சிப்பாயை அலட்சியம் செய்வதில்லை. பலம் குறைந்த ஒன்று எப்போது ஆபத்தாகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட, சதுரங்கத்தைவிட விசித்திரமான ஓர் ஆட்டத்தை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்.

1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். இதில் வெற்றிக் கோடு என்று ஒன்று கிடையாது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று ஆளுக்கு ஒரு பாத்திரம் ஏற்பார்கள். இன்னொருவர் நடுவர். குகை, காடு, கோட்டை, அவற்றில் உள்ள பகைவர் எல்லாம் அவருடைய குறிப்பேட்டில் இருக்கும். "கதவைத் திறக்கிறேன்" என்று ஆட்டக்காரர் சொல்வார். உள்ளே என்ன இருக்கிறது என்று நடுவர் சொல்வார். நிச்சயமில்லாத இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும். அந்தப் பகடைக்கு இருபது முகங்கள். ஒவ்வொரு முகமும் சமபக்க முக்கோணம். வடிவகணிதத்தில் ஒழுங்குப் பன்முகிகள் ஐந்தே என்று படித்திருப்பீர்களே, அவற்றுள் முகங்கள் மிகுந்தது இதுதான்.

நடுவர் என்ற இந்த ஏற்பாடு கைகாக்ஸ் காலத்துக்கும் முந்தியது. 1824-இல் பிரஷ்யப் படை அதிகாரி ஃபான் ரைஸ்விட்ஸ், அதிகாரிகளின் பயிற்சிக்காக வரைபடத்தின் மேல் ஆடும் ஒரு போர் ஆட்டத்தை அமைத்தார். இரு தரப்புத் தளபதிகளும் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். உண்மையான போர்க்களத்தில் ஒரு தளபதியின் கண்ணுக்கு எது படுமோ, அதை மட்டுமே நடுவர் வரைபடத்தில் காட்டுவார். யாருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதே ஓர் ஆட்ட விதியாயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சிக்கல் இங்கேதான் முளைக்கிறது.

தெரிந்தவரும் தெரியாதவனும்

வாள்வீரன் ஒருவன் இருட்டுக் குகையில் நடக்கிறான். திடீரென்று மஞ்சள் கண்களோடு குள்ள உருவம் ஒன்று கத்தியை ஓங்கிக்கொண்டு பாய்கிறது. வீரனுக்கு உடல் சிலிர்த்திருக்க வேண்டும். ஆனால் அவனை ஆட்டுவிக்கும் ஆட்டக்காரரோ நாற்காலியில் சாய்ந்தபடி, "ஓ, காப்ளினா? அதற்கு 7 உயிர்ப்புள்ளிதான். ஒரு வெட்டு போதும்" என்கிறார். அவர் விதிநூலைப் படித்தவர். வீரன் படிக்காதவன்.

ஆட்டத்துக்கு வெளியே உள்ள அறிவை இப்படி ஆட்டத்துக்குள் கடத்துவதற்கு 'மெட்டா கேமிங்' என்று பெயர். இதில் இன்னும் நுட்பமான ஒரு வகை உண்டு. "நம்மால் வெல்ல முடியாத பகைவனை நடுவர் அனுப்புவாரா? அனுப்பமாட்டார். ஆகவே தைரியமாகப் பாயலாம்" என்று ஆட்டக்காரர் எண்ணுவதே அது. இங்கே அவர் குகையைப் பார்க்கவில்லை. நடுவரின் முகத்தைப் பார்க்கிறார்.

இது நமக்குப் புதிதல்ல. இயற்பியல் தேர்வில் மின்தடைக் கணக்கைப் போட்டுவிட்டு, "விடை முழு எண்ணாக வரவில்லையே, எங்கோ தப்பு" என்று அழித்துத் திருத்தும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். மின்தடைக்கு முழு எண் மேல் ஆசை ஏதும் இல்லை. ஆசை வினாத்தாள் தயாரித்தவருக்குத்தான். மாணவர் படிப்பது மின்சுற்றை அன்று, வினாத்தாள்காரரின் மனத்தை!

அப்படியானால் ஆட்டக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் வீரனுக்குத் தெரியக்கூடாதா? இங்கே பலர் அளவுக்கு மீறிக் கண்டிப்புக் காட்டுகிறார்கள் என்பது என் கருத்து. ட்ரால் என்றொரு பூதம் உண்டு. அதன் காயங்கள் தாமாகவே ஆறிவிடும். தீயோ அமிலமோ பட்டால்தான் ஆறாது. அந்த உலகில் பிறந்து வளர்ந்த வீரன் பாட்டி சொன்ன கதையிலாவது இதைக் கேட்டிருக்கமாட்டானா? அனுபவத்தால் அறியக்கூடிய இயற்கை விதி வேறு; நடுவரின் குறிப்பேட்டில் உள்ள எண் வேறு. முன்னது அவனுக்கு உரிமையான அறிவு. பின்னது திருட்டு அறிவு.

உயிர்ப்புள்ளி என்பதே விசித்திரமான ஓர் அளவு. ஐந்தாம் படியில் உள்ள வாள்வீரனுக்கு ஏறத்தாழ 44 புள்ளிகள் இருக்கும். ஒரு காப்ளினின் அம்பு சாதாரணமாகப் பட்டால் 3 முதல் 8 வரைதான் குறையும். ஆகவே கழுத்துக்கு நேரே அம்பு குறிவைத்திருந்தாலும் ஆட்டக்காரர் அசைவதில்லை. உயிர்ப்புள்ளி என்பது தசையும் எலும்பும் மட்டுமன்று, திறமையும் அதிர்ஷ்டமும் சேர்ந்தது என்று 1979-இல் வெளிவந்த நடுவர் கையேட்டில் கைகாக்ஸ் விளக்கினார். அப்படிப் பார்த்தால், 5 புள்ளி போயிற்று என்பதற்கு அம்பு நெஞ்சில் தைத்தது என்று பொருளில்லை. இம்முறை மயிரிழையில் தப்பினான் என்றே பொருள். தப்பியவனுக்கு அச்சம் கூடவேண்டுமே தவிரக் குறையக்கூடாது.

சராசரியை நம்பலாமா?

சரி, திருட்டு அறிவாகவே இருக்கட்டும். அது சரியான அறிவா? 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பின்படி காப்ளினின் 7 புள்ளி என்பது சராசரி. இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டினால் வருவதே உண்மையான எண். அது 2-ஆகவும் இருக்கலாம், 12-ஆகவும் இருக்கலாம். இரு பகடைகள் விழக்கூடிய வகைகள் 36. அவற்றுள் கூட்டுத்தொகை 7-க்கு மேற்படுபவை 15. அதாவது, சரியாக 7 புள்ளி வெட்டு விழுந்த காப்ளின்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 இன்னும் நின்றுகொண்டிருக்கும்! வாயு மூலக்கூறுகளின் சராசரி வேகத்தைப் படித்துவிட்டு, எல்லா மூலக்கூறுகளும் அதே வேகத்தில் ஓடுகின்றன என்று எண்ணுவது போன்றதுதான் இதுவும்.

இன்னொரு கணக்கு. கவசம் மிகக் கனமானது; எதிரியின் பகடையில் 20 விழுந்தால்தான் அம்பு படும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அம்பு படும் வாய்ப்பு 20-இல் 1. தவறும் வாய்ப்பு 0.95. இரண்டு அம்பும் தவற 0.95 × 0.95. இப்படியே பெருக்கிக்கொண்டு போங்கள். பதினான்காவது அம்பில் பெருக்குத்தொகை 0.49 ஆகிவிடும். ஒன்றேனும் பட்டிருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிட்டது! கதிரியக்க அணுக்களின் அரை ஆயுளைக் கணக்கிடுவதும் இதே பெருக்கல்தான். ஓர் அணு இந்த நொடியில் சிதைவது அரிது. கோடிக்கணக்கான அணுக்கள் ஒன்றுசேர்ந்தால் கருவி ஓயாமல் டிக் டிக் என்கிறது.

பத்துக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள தூரம்

இப்போது 44 புள்ளி வீரனைத் திறந்த வெளியில் நிறுத்துவோம். நல்ல கவசமும் கேடயமும் உள்ளவன்; கவச எண் 20. காப்ளின் பகடையை உருட்டி 4-ஐக் கூட்டிக்கொள்ளலாம். ஆகவே 16 முதல் 20 வரை விழுந்தால் அடி படும். வாய்ப்பு கால் பங்கு. பட்டால் சராசரிச் சேதம் 5.5. ஆக, ஒரு தாக்குதலின் எதிர்பார்ப்பு மதிப்பு 5.5-இல் கால் பங்கு, அதாவது 1.375. பகடையில் 20 விழுந்தால் கூடுதல் சேதம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

வீரன் ஒரு சுற்றுக்கு இருவரைத் தவறாமல் வீழ்த்துகிறான் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 5 காப்ளின்கள் முந்திக்கொண்டு தாக்கினால், முதல் சுற்றில் 5 தாக்குதல், அடுத்து 3, அடுத்து 1, மொத்தம் 9. சேதம் ஏறத்தாழ 12. வீரன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

10 வந்தால்? 10 + 8 + 6 + 4 + 2 = 30 தாக்குதல். சேதம் 41.25. எண்ணிக்கை இருமடங்குதான், சேதமோ மும்மடங்குக்கும் மேல்! வீரன் மூன்றுக்கும் குறைவான புள்ளிகளோடு தள்ளாடி நிற்கிறான். நாம் ஒதுக்கி வைத்த 20-இன் கூடுதல் சேதத்தையும் சேர்த்தால் 46.5 ஆகிவிடும், அவன் கதை முடிந்தது. 12 காப்ளின்கள் என்றால் கூடுதல் சேதமே வேண்டாம். 42 தாக்குதல், 57.75 சேதம். 'ஒரு வெட்டு போதும்' என்ற வாய் எங்கே?

இங்கிலாந்தில் ஆரம்பகால மோட்டார் கார்களை உருவாக்கிய பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர், முதல் உலகப் போர்க் காலத்தில் விமானப் போரைப் பற்றி ஆராய்ந்து, 1916-இல் நூலாக வெளியிட்டார். இரு படைகள் வெளியில் நின்று ஒன்றையொன்று குறிபார்த்துச் சுட்டால், ஒரு படையின் வலிமை வீரர்களின் தனித்திறமைக்கு நேர்விகிதத்திலும், எண்ணிக்கையின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும் என்பது அவர் கண்ட விதி. நம் கணக்கில் 5-லிருந்து 10-க்குப் போகும்போது நான்கு மடங்கு வரவில்லையே என்று கேட்பீர்கள். எண்ணிக்கை இரண்டிரண்டாகப் படிக்கட்டு போலக் குறைவதுதான் காரணம். 10-லிருந்து 20, 20-லிருந்து 40 என்று போட்டுப் பாருங்கள். விகிதம் நான்கை நெருங்கிக்கொண்டே போகும்.

இனி, வீரன் புத்திசாலித்தனமாக வளைந்து செல்லும் குறுகிய குகைப் பாதையில் நின்றுவிட்டான் என்க. இருவருக்கு மேல் அவனை அணுகவும் முடியாது, குறிபார்க்கவும் முடியாது. அப்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டே தாக்குதல். 10 காப்ளின்களுக்கு ஐந்து சுற்று, பத்துத் தாக்குதல், சேதம் 13.75. இருமடி விதி மறைந்து, வெறும் நேர்விகிதம் ஆகிவிட்டது. அதே வீரன், அதே காப்ளின்கள், அதே பகடை. மாறியது இடம் மட்டுமே.

ஐந்தாம் பதிப்பை அமைத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்தே, படி உயர உயரக் கவச எண்ணும் தாக்கும் எண்ணும் வரம்பின்றி ஏறாதபடி கட்டுப்படுத்தினார்கள். எளிய பகைவரும் கூட்டமாக வந்தால் ஆபத்தானவரே என்ற நிலை அதனால் நீடித்தது.

கோபோல்டுகளின் பாடம்

காப்ளினைவிடவும் எளியது கோபோல்டு. 1977-ஆம் ஆண்டின் பூத அகராதியில் அதற்கு 1 முதல் 4 வரைதான் உயிர்ப்புள்ளி. பெயரைக் கேட்டதும் கோபால்ட் உலோகம் நினைவுக்கு வருகிறதா? தொடர்பு உண்மையானதே. ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒருவகைக் கனிமத்தை உருக்கியபோது வெள்ளி கிடைக்கவில்லை. ஆர்செனிக் நச்சுப்புகைதான் வந்தது. இது கோபோல்டு என்னும் குட்டிச்சாத்தானின் வேலை என்று அவர்கள் நம்பினர். பிறகு, 1730-களில் சுவீடன் நாட்டு வேதியியலார் ஜார்ஜ் பிராண்ட் அத்தகைய கனிமத்தில் புது உலோகம் ஒன்றைக் கண்டார். அந்தச் சாத்தானின் பெயரே அதற்கு நிலைத்தது.

1987 நவம்பரில் 'டிராகன்' என்ற ஆட்ட இதழில் அதன் ஆசிரியர் ரோஜர் மூர் எழுதிய ஒரு குறிப்பு, இத்துறையினரிடையே இன்றும் பேசப்படுகிறது. டக்கர் என்ற நடுவரின் குகையில், முதல் தளத்திலேயே கோபோல்டுகள் இருந்தன. ஆடியவர்களோ ஆறாம் படிக்கும் மேற்பட்ட தேர்ந்த வீரர்கள். கோபோல்டுகள் எதிரே வந்து நிற்கவே இல்லை. சுவர்த் துளைகள் வழியே எய்தன. பின்னால் கதவை அடைத்தன. குப்பைக்குத் தீ வைத்து வழியில் தள்ளின. வீரர்கள் நுழைய முடியாத சிறு பொந்துகளில் ஓடி மறைந்தன. கீழே பத்தாம் தளத்தில் இருந்த தீப் பூதங்களே மேல் என்று வீரர்கள் எண்ணும்படி ஆயிற்று. கவனியுங்கள்: நடுவர் கோபோல்டின் புள்ளி எதையும் கூட்டவில்லை. நம் வீரன் குறுகிய பாதையில் நின்று பெற்ற ஆதாயத்தை, அங்கே கோபோல்டுகள் பெற்றன. விதிநூலை மனப்பாடம் செய்த ஆட்டக்காரருக்கு அந்த அறிவு உதவவில்லை. சுவரில் துளை எங்கே இருக்கிறது என்று விதிநூலில் எழுதியிருக்காதே!

உங்களுக்கு ஒரு கணக்கு விட்டுவைக்கிறேன். திறந்த வெளி, பத்துக் காப்ளின்கள், அதே வீரன். ஆனால் இம்முறை முதலில் தாக்குவது வீரன். 20-இன் கூடுதல் சேதத்தைச் சேர்க்காமல், அவனுக்கு நேரும் மொத்தச் சேதத்தைக் காணுங்கள். விடை முழு எண்ணாக வராது, அதற்காக அழித்துவிடாதீர்கள்.