பேரம் ஏன் சங்கிலியில் ஏறுவதில்லை?

1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து, தமிழர் உழைப்பில் விளைந்த தூளை ஒருவர் பிட்காயின் பெற்று விற்க முற்பட்டால், வாங்குபவர் தம் விலாசத்தையும் பேரத்தையும் எவ்வழியே தெரிவிப்பது என்பதே பிரதான பிரச்சினை. ஏனெனில் பிட்காயினின் கணக்கைத் தாங்கும் பிளாக்செயின் என்னும் சங்கிலிப் பேரேடு சர்வஜனங்களும் வாசிக்கத்தக்கது, எளிதில் அழிக்கவொண்ணாதது, புதுப் பக்கம் சேரச் சுமார் 10 நிமிஷம் பிடிப்பது.

ஆகவேதான் 2016-இல் வெளிவந்த ஓப்பன்பஜார் என்னும் இணையச் சந்தை மென்பொருள், பணத்தை மாத்திரம் அப்பேரேட்டில் நிறுத்தி, சம்பாஷணையை இருவர் கணினிகளுக்கிடையே சங்கேதமாக்கி அனுப்பிற்று. மூன்று சாவிகளில் இரண்டு சேர்ந்தாலன்றிப் பணம் விடுபடாத ஏற்பாட்டை வாங்குபவரும் விற்பவரும் தேர்ந்திருந்து, தகராறும் மூண்டுவிட்டால், மூன்றாஞ் சாவியை வைத்திருக்கும் மத்தியஸ்தருக்கு அச்சம்பாஷணையைச் சாட்சியமாகக் காட்ட முடிந்தது. அந்த ரகசியமும் சாட்சியமும் ஒருங்கே அமைந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். ஓப்பன்பஜாரின் சேவைகள் 2021-இல் நின்றன.