மண்ணின் ஏடுகளைப் படிப்போர்

பட்டுக்கும் கோயில்களுக்கும் பேர்போன காஞ்சி மாநகருக்கும் நிலக்கரிக்கும் என்ன உறவு என்று வாசகர் வியக்கக்கூடும். உறவு உண்டு. காஞ்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் திருப்பெரும்புதூர்ப் பகுதியில், இலைகளின் அச்சுப் பதிந்த களிப்பாறைகள் மண்ணுக்கடியில் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. நிலவியல் அறிஞர் இவற்றைக் கோண்டுவானாப் பாறைக் குடும்பத்தில் சேர்ப்பர். இராணிகஞ்சு, ஜாரியா, சிங்கரேணி ஆகிய பெரும் நிலக்கரி வயல்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். ஆனால் கரியெல்லாம் அக்குடும்பத்தின் மூத்த பிள்ளைகளிடம் தங்கிவிட்டது. அவற்றின் வயது 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல். நம் திருப்பெரும்புதூர் அடுக்குகளுக்கோ ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளே. இலை இருக்கிறது, கரி இல்லை.

இந்த 'இல்லை' என்ற ஒரு சொல்லைத் துணிந்து சொல்வதற்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் காண விரும்புகிறோம். கறுத்த பாறையெல்லாம் கரியன்று. கரித்தூள் கலந்த களிப்பாறையும் கையில் கறுப்பாக ஒட்டும். அதைக் கரியென்று நம்பிக் குழி தோண்டினால் பணம் போகும். கரியைக் களியென்று ஒதுக்கினால் செல்வம் போகும்.

1858ஆம் ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பாலாற்றுக்கு வடக்கே இப்பகுதி முழுவதையும் அளந்து ஆய்ந்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்தவரும் இவரே. அத்துறை பிறந்ததே நிலக்கரி தேடுவதற்காகத்தான். 1851இல் அது முறையாக அமைவதற்கு முன்பே, கரி வயல்களை அளக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியார் டேவிட் ஹைரம் வில்லியம்ஸ் என்பவரை வரவழைத்தனர். அவர் 1848இல் காட்டுக் காய்ச்சலுக்கு இரையானார். அக்காலத்தில் இத்தொழிலுக்குப் பள்ளிக்கூடம் காடுதான்.

நம் தமிழகத்திலோ கறுப்புப் பொருள் கிணற்றிலிருந்து வந்தது. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்கிணறு இறக்கியபோது, ஊற்று நீரோடு கறுத்த துகள்கள் மேலேறின. அவர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால்? அவர் கண்டது பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி வெளிப்பட்டது. தோண்டுவது மட்டுமே அங்கு வேலையன்று. கரிப்படிவத்தின் அடியில் பேரழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையையே அது பிளந்துகொண்டு எழும். எங்கே, எவ்வளவு இறைக்க வேண்டும் என்று சொல்பவரும் நிலவியலாரே.

இனிப் பயிற்சியைப் பார்ப்போம். காஞ்சி நெசவாளர் இல்லங்களில் குழித்தறியருகே அமர்ந்து பழகும் இளைஞரை நம்மில் பலர் கண்டிருப்போம். பாவில் ஓரிழை அறுந்தால் தேர்ந்த நெசவாளரின் விரல் அதைத் தானே உணர்ந்து நிற்கும். கோர்வைக் கரையை உடலோடு பிணைக்கும் நுட்பத்தை எந்த நூலைப் படித்தும் கற்க இயலாது. நிலக்கரி நிலவியலும் பாதி இவ்வகைக் கல்வியே.

துளையிடும் பொறி பூமிக்குள்ளிருந்து உருளை வடிவில் கல்லை வெளிக்கொணர்கிறது. தொழிலில் அதைக் 'கோர்' என்பர். நீண்ட மரப்பெட்டிகளில் மேலிருந்து கீழாக ஆழ வரிசை பிறழாமல் அதை அடுக்கி வைப்பர். புதிதாய் வந்தவர் முதலில் கற்பது பெட்டியருகே குந்தி, ஒவ்வொரு விரற்கடையையும் பார்த்து எழுதுவது. மணற்கல்லா, களிப்பாறையா, கரியா? கரியெனில் கண்ணாடிபோல் மின்னும் பட்டையா, மங்கிய பட்டையா, தொட்டால் கையைக் கறுப்பாக்கும் நார்க்கரியா? இப்பட்டைகளை நான்காக வகுத்துப் பெயரிட்டவர் மேரி ஸ்டோப்ஸ் என்னும் பெண்மணி, ஆண்டு 1919.

இங்கே ஒரு பொறி உண்டு. 3 மீட்டர் துளைத்தும் சில வேளை இரண்டரை மீட்டர் கோர்தான் மேலே வரும். மீதி எங்கே? கரி நொறுங்கும் இயல்புடையது. துளைக்கும் நீரோடு அது கரைந்து போயிருக்கலாம். கையிலுள்ளதை மட்டும் அளந்தவன் கரிப்படிவத்தை மெலிந்ததென்று எழுதிவிடுவான். பயின்றவன் துளைக்குள் கருவியை இறக்கிப் பார்ப்பான். களிப்பாறை மிகுந்த காமாக் கதிர் வீசும், கரி வீசாது. கரியின் அடர்த்தியும் குறைவு. இவ்விரண்டையும் வைத்துக் காணாமற்போன கரியைக் கணக்கில் மீட்பான். பிறகு ஆய்வகத்தில் ஈரம், சாம்பல், ஆவியாகும் பொருள் ஆகியவற்றின் அளவு, நுண்ணோக்கி, வரைபடம் என்று வேலை நீளும்.

வரைபடம் வெறும் காகிதமன்று. 1975 டிசம்பர் 27 அன்று, கிறிஸ்து பிறப்பு விழா கழிந்த இரண்டாம் நாள், தன்பாத் அருகே சாஸ்நாலாச் சுரங்கத்தில் 370க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். பக்கத்துப் பழைய சுரங்கப் பகுதியில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு உட்புகுந்தது. கைவிடப்பட்ட குழிகள் எவ்வளவு தொலைவில் உள்ளன, இடையிலுள்ள சுவர் எவ்வளவு தடிமன் என்பவற்றை அறிவது எத்தனை உயிர்களின் கேள்வி என்பதை அந்நாள் நாட்டுக்கு உணர்த்தியது.

அடுக்குகளைப் படிக்கும் கலையின் அரிச்சுவடியை எழுதியவர் நம் திருச்சபையின் ஆயர் ஒருவர் என்பதை இடையில் குறிப்பிடாமல் போக மனமில்லை. டென்மார்க்கில் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ 1667இல் கத்தோலிக்கரானார். 1669இல் வெளியிட்ட சிறு நூலில் கீழே கிடக்கும் அடுக்கே முந்தையது என்ற விதியை விளக்கினார். 1677இல் ஆயரானார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். கோர் பெட்டியருகே குந்தியிருக்கும் மாணவன் இன்றும் அவ்விதியைத்தான் கையாளுகிறான்.

நம் இல்லத்துப் பிள்ளைகள் இத்துறையை நாடினால் வழி இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகம், திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி முதலியவற்றில் நிலவியல் கற்பிக்கப்படுகிறது. முதுகலை முடித்தவர் மத்திய தேர்வாணையத்தின் நிலவியலார் தேர்வை எழுதலாம். தேர்ந்தவரை ஆய்வுத் துறை ஐதராபாத்தில் 1976இல் அமைந்த தன் பயிற்சி நிறுவனத்துக்கு அனுப்பும். அதன் களப்பயிற்சி மையங்களுள் ஒன்று ஜார்க்கண்டின் கரி வயலான குஜுவில் உள்ளது. தன்பாத்தில் 1926இல் தோன்றிய சுரங்கப் பள்ளி 2016 முதல் ஐ.ஐ.டி. ஆகிவிட்டது.

நிலக்கரிக்கு எதிர்காலம் உண்டா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. 2070க்குள் நிகரக் கரிம உமிழ்வை இல்லாதாக்குவோம் என்று 2021இல் நம் நாடு உலகுக்கு வாக்களித்துள்ளது. எனினும் துளையும் வரைபடமும் நீரழுத்தமும் கற்றவர் நிலத்தடி நீர், அணை, சுரங்கப்பாதை, பிற கனிமங்கள் என எங்கும் பயன்படுவர்; மூடப்படும் சுரங்கத்தைப் பாதுகாப்பாக மூடவும் அவரே வேண்டும். மற்றப் பல படிப்புகளைவிட இது நிலையற்றது என்று நமக்குத் தோன்றவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்கள் நிலத்தடியில் பணிபுரிவதைத் தடுத்திருந்தது. 2019இல் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்கு அத்தடை பகல் வேளையில் தளர்த்தப்பட்டது. 2021இல் சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனம் நிலத்தடிச் சுரங்கத்தில் தன் முதல் பெண் பொறியாளரைப் பணியமர்த்தியது, அச்சுரங்கமும் ஜார்க்கண்டில்தான்.