புது உருவில் வரும் பெரிய கார்கள்: வாங்குமுன் வணிகர் போட வேண்டிய கணக்கு



நம் வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தை ஒட்டிய வேலூர் சாலையில் கால்மணி நேரம் நின்று பார்த்தாலே காலம் எப்படி மாறிவிட்டது என்பது தெரியும். அம்பாசடரும் மகேந்திரா ஜீப்பும் போன பாதையில் இன்று ஆளுயரக் கார்கள் போகின்றன. எஸ்.யூ.வி. என்றும் கிராஸ்ஓவர் என்றும் அவற்றுக்குப் பெயர். வருஷத்துக்கு ஒருமுறை முகம் மாற்றி, விளக்கு மாற்றி, "முற்றிலும் புதியது" என்ற விளம்பரத்தோடு அவை வருகின்றன. நம்மிலும் பலர் வாங்கியிருக்கிறார்கள். வாங்க நினைப்போர் அதைவிடப் பலர்.

வாங்க வேண்டாம் என்று சொல்வது நம் நோக்கம் அல்ல. ஒரு மூட்டை துவரம்பருப்பு எடுக்குமுன் நான்கு கடையில் விலை கேட்கும் நாம், இருபது லட்சம் ரூபாய் வண்டியை ஷோரூமில் அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறோம். அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளவே இக்கட்டுரை.

எஸ்.யூ.வி. எது, கிராஸ்ஓவர் எது?

பழைய ஜீப் வகை வண்டிகளுக்கு அடியில் லாரிக்கு இருப்பது போன்ற இரும்புச் சட்டம் இருக்கும். உடல்கூடு அதன்மேல் தனியாகப் பூட்டப்பட்டிருக்கும். பொலீரோ, தார், ஸ்கார்பியோ என், ஃபார்ச்சூனர் ஆகியவை இந்த வகை. பாரம் தாங்கும், கரடுமுரடான பாதைக்கு அஞ்சாது. ஆனால் எடை அதிகம், வளைவுகளில் ஆட்டமும் சற்று அதிகம்.

கிராஸ்ஓவர் என்பது காரைப் போலவே சட்டமும் கூடும் ஒன்றாகச் செய்யப்பட்டு, உயரம் மட்டும் கூட்டப்பட்ட வண்டி. கிரெட்டா, செல்டோஸ், ஹாரியர் எல்லாம் இந்த வகைதான். கடைக்காரர்கள் பேச்சில் இரண்டுக்கும் எஸ்.யூ.வி. என்றே பெயர். செங்கம் சாலையிலும் சென்னைப் பயணத்திலும் குடும்பத்தோடு சுகமாகப் போக கிராஸ்ஓவர் போதும். ஜவ்வாது மலை ஊர்களில் கொள்முதல் உள்ளவர்கள், மழைக்காலத்தில் மண்பாதையில் இறங்க வேண்டியவர்கள் மட்டும் சட்ட வண்டியைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரே பெயர் இருந்தால் ஒரே வண்டி என்று நினைத்துவிடக் கூடாது. டாடா சியாரா இதற்கு நல்ல உதாரணம். 1991-ல் வந்த சியாரா, சட்டத்தின்மேல் கட்டப்பட்ட மூன்று கதவு வண்டி. அதே பெயரில் 2025 நவம்பரில் ரூ.11.49 லட்சம் தொடக்க விலையோடு வந்தது ஐந்து கதவு கிராஸ்ஓவர். பக்கவாட்டுக் கண்ணாடியின் சாயலைத் தவிரப் பழையதற்கும் புதியதற்கும் பொதுவானது மிகக் குறைவு.

"புதியது" என்பதில் இரண்டு வகை

தலைமுறை மாற்றம் ஒன்று, முகமாற்றம் மற்றொன்று. தலைமுறை மாறும்போது அடித்தளம், உடல்கூடு, உள்ளிடம் எல்லாமே மாறும். முகமாற்றத்தில் பம்பர், விளக்கு, திரை, சில வசதிகள் மாறும். அடிப்படை வண்டி பழையதே.

நம் மாநிலத்தில் ஸ்ரீபெரும்புதூர் அருகே உற்பத்தியாகும் ஹூண்டாய் கிரெட்டாவை எடுத்துக்கொள்வோம். 2015-ல் முதலில் வந்தது. 2020-ல் வந்தது இரண்டாம் தலைமுறை. 2024 ஜனவரியில் வந்தது அந்த இரண்டாம் தலைமுறையின் முகமாற்றம். மூன்றுக்கும் விளம்பரத்தில் "புதிய" என்ற ஒரே சொல்தான்.

முகமாற்றம் வருமுன் பழைய உருவ வண்டிகளை டீலர்கள் தள்ளுபடியில் தள்ளிவிடுவார்கள். பத்து வருஷம் ஓட்டும் எண்ணம் உள்ளவருக்கு அந்தத் தள்ளுபடி லாபமே. மூன்று வருஷத்தில் மாற்றுபவருக்கு நஷ்டம், ஏனெனில் மறுவிற்பனைச் சந்தையில் பழைய முகத்துக்கு விலை குறைவு. தலைமுறை மாற்றத்தில் நிலைமை வேறு. முதல் சில மாதங்களில் வெளிவரும் வண்டிகளில் சிறுசிறு குறைகள் தென்படுவதும், கம்பெனி பிறகு அவற்றைத் திருத்துவதும் வழக்கம். அவசரம் இல்லாதவர் ஆறு மாதம் பொறுப்பது நல்லது.

வரி எவ்வளவு என்று தெரியுமா?

நாம் தினமும் ஜி.எஸ்.டி. பில் போடுகிறவர்கள். ஆனாலும் கார் விலைக்குள் எவ்வளவு வரி இருக்கிறது என்று பார்ப்பவர் சிலரே.

2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான செஸ் நீக்கப்பட்டு, இரண்டு விகிதங்கள் மட்டும் வந்தன. நான்கு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்கும் வண்டிக்கு 18 சதவிகிதம். இந்த வரம்பைத் தாண்டினால் 40 சதவிகிதம். அதற்குமுன் பெரிய எஸ்.யூ.வி.க்கு 28 சதவிகித வரியும் 22 சதவிகித செஸ்ஸுமாக 50 சதவிகிதம் இருந்தது. மின்சாரக் கார்களுக்கு 5 சதவிகிதம்.

இதற்குமேல் நம் மாநிலத்தின் ஆயுட்கால சாலை வரி. 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்டபோது 5 லட்சம் வரை 12 சதவிகிதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்குமேல் 20 சதவிகிதம் என்று படிகள் வைக்கப்பட்டன.

ரூ.18 லட்சம் ஷோரூம் விலையுள்ள கிராஸ்ஓவர் ஒன்றை வைத்துக் கணக்குப் பார்ப்போம். அதில் வண்டியின் விலை ஏறக்குறைய ரூ.12,86,000. ஜி.எஸ்.டி. ரூ.5,14,000. சாலை வரி 18 சதவிகிதம் என்றால் ரூ.3,24,000. ஆக, பன்னிரண்டே முக்கால் லட்சத்துச் சொச்ச வண்டிக்கு எட்டேகால் லட்சத்துக்கு மேல் வரி. இதே கணக்கை ரூ.9.5 லட்சம் விலையுள்ள, நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டிக்குப் போட்டால் ஜி.எஸ்.டி. சுமார் ரூ.1,45,000, சாலை வரி சுமார் ரூ.1,23,500. இரண்டும் சேர்ந்தே இரண்டே முக்கால் லட்சத்துக்குள் அடங்கிவிடுகிறது.

படி மாறும் இடத்தில் கவனம் தேவை. ரூ.9.99 லட்சம் வண்டிக்குச் சாலை வரி சுமார் ரூ.1.30 லட்சம். ரூ.10.10 லட்சம் வண்டிக்கு ரூ.1.82 லட்சம். பதினோராயிரம் ரூபாய் கூடுதல் வசதிக்காக ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுதல் வரி. ஆகவே எந்த வேரியன்ட், அது எந்தப் படியில் வருகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"கடைப் பெயரில் வாங்கினால் வரி திரும்பும்" என்பது உண்மையா?

அடிக்கடி நம்மிடம் கேட்கப்படும் கேள்வி இது. ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, திரும்பாது. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேருக்கு மேற்படாத பயணிகள் வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு தடை விதிக்கிறது. கார் விற்பவர், வாடகைக்கு ஓட்டுபவர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு உண்டு. மளிகை, ஜவுளி, இரும்பு, அரிசி மண்டி வைத்திருக்கும் நமக்கு இல்லை. ஆனால் சரக்கு ஏற்றும் வண்டி வாங்கினால் அந்த வரியை வரவு எடுக்கலாம். ஒரே கடையின் பெயரில் காரும் சிறு சரக்கு வண்டியும் வாங்கினால், ஒன்றின் வரி போனது போனதுதான், மற்றதன் வரி கணக்கில் வரும்.

வருமான வரியில், கடைப் பெயரில் உள்ள காருக்கு ஆண்டுக்கு 15 சதவிகிதத் தேய்மானம் உண்டு. அந்த ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதிதான். சொந்த உபயோகத்துக்கான பங்கைக் கழித்துவிடுவார்கள். ஆனால் விற்றுமுதலில் 8 சதவிகிதம், வங்கி வழி வந்த வரவுக்கு 6 சதவிகிதம் என்று உத்தேச லாபம் காட்டும் சிறு வணிகர்களுக்கு இந்தத் தேய்மானத்தால் தனிப் பலன் ஏதும் இல்லை. அந்த முறையில் எல்லாச் செலவும் கழிக்கப்பட்டுவிட்டதாகவே கொள்ளப்படும். நம்மில் பெரும்பாலோர் இந்த முறையில் இருப்பவர்கள். ஆகவே ஷோரூமில் சொல்லும் "வரிச் சலுகை"யை நம்பிக் கையெழுத்துப் போடுமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு விற்பவர் 1 சதவிகிதம் வருமான வரி வசூலிப்பார். அது நம் கணக்கில் வரவாகும், கேட்டு வாங்க மறக்க வேண்டாம். ரொக்கமாகக் கட்டும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் பெறுவது 2017 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

புது வசதிகளும் புதுச் செலவுகளும்

நமக்குத் தெரிந்த மண்டி வியாபாரி ஒருவர் டீசல் எஸ்.யூ.வி. வாங்கினார். வீட்டிலிருந்து மண்டிக்கு மூன்று கிலோமீட்டர், மண்டியிலிருந்து வங்கிக்கு ஒரு கிலோமீட்டர். இதுதான் வண்டியின் தினசரி ஓட்டம். சில மாதங்களில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. சர்வீஸுக்குப் போனார், வந்தார், மறுபடியும் எரிந்தது. வண்டியே மோசம் என்று சலித்துக்கொண்டார்.

குறை வண்டியில் இல்லை. பி.எஸ். 6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓடினால்தான் உள்ளே சூடு ஏறி, சேர்ந்த கரி எரிந்து தீரும். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் கரி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை விழுப்புரமோ வேலூரோ போய்வருபவருக்கு டீசல் ஏற்றது. கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் என்றால் பெட்ரோலே நல்லது.

அடுத்தது ஏ.டி.ஏ.எஸ். எனப்படும் ஓட்டுநர் உதவி முறை. கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் முன்பக்கத்தில் ராடாரும் இருந்து, எதிரே தடை வந்தால் தானே பிரேக் போடும். நீண்ட பயணத்துக்கு நல்ல துணை. ஆனால் முன் கண்ணாடி உடைந்தால் புதுக் கண்ணாடி மாற்றியபின் கேமராவை மறுபடி சரிபார்த்து அமைக்க வேண்டும். முன்பு பம்பர் இடிபட்டால் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்தோம். இப்போது அதற்குள் சென்சார் இருக்கிறது. காப்பீடு எடுக்கும்போது "ஜீரோ டெப்" சேர்ப்பது இத்தகைய வண்டிகளுக்கு அவசியம் என்றே சொல்லலாம். டயர் அளவையும் பாருங்கள். சக்கரம் பெரிதாகப் பெரிதாக டயர் விலையும் ஏறும்.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனை முறை நடைமுறையில் இருக்கிறது. பெரியவர், குழந்தை இருவருக்கும் தனித்தனியே நட்சத்திர மதிப்பீடு உண்டு. திரையின் அகலத்தைப் பார்க்குமுன் அந்த நட்சத்திரத்தைப் பாருங்கள்.

கம்பெனி நிலைக்குமா என்பதும் கேள்வியே

மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2013-ல் வந்தபோது எப்படி விற்றது என்பது நினைவிருக்கும். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. ஒரகடத்தில் உற்பத்தியாகி 2012-ல் வந்த ரெனால்ட் டஸ்டர் சில ஆண்டுகள் சந்தையில் இல்லாமல் போய், 2026 ஜனவரியில் புது உருவில் மீண்டும் அறிமுகமாகியிருக்கிறது. வண்டி நல்லதாக இருந்தும் இப்படி நடக்கும். அப்போது மறுவிற்பனை விலைதான் முதலில் அடிபடும்.

உயர்விலை வண்டிகளும் நமக்குத் தூரத்தில் இல்லை. 2007 முதல் சிங்கப்பெருமாள் கோவில் அருகே பி.எம்.டபிள்யூ. ஆலை இயங்குகிறது. அதன் எக்ஸ் 3 வண்டியின் நான்காம் தலைமுறை 2025 ஜனவரியில் வந்தது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் ரூ.9,000 கோடி ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் ஆலை பக்கத்தில் இருப்பதும் சர்வீஸ் பக்கத்தில் இருப்பதும் ஒன்றல்ல. ஒரு சிறு பழுதுக்கு சென்னை வரை போய்வர வேண்டும் என்றால், ஒருநாள் வியாபாரம் போகிறது.

முதலைத் தொடலாமா?

ரூ.15 லட்சம் கடன், 9 சதவிகித வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் ரூ.31,140. மொத்த வட்டி ரூ.3.68 லட்சம். கடன் வேண்டாம் என்று கடை முதலிலிருந்து எடுத்தால்? மண்டியில் ஐந்து லட்சம் ரூபாய் ஆண்டுக்கு ஆறு முறை சுழன்று, சுழற்சிக்கு 2 சதவிகிதம் மிஞ்சினால் ரூ.60,000. அதாவது 12 சதவிகிதம். அந்தப் பணம் காரில் முடங்கினால் அந்த வருமானம் நின்றுவிடும். நெல் வரத்து நேரத்தில் கையில் ரொக்கம் இல்லாமல் வெளியில் வட்டிக்கு வாங்கினால் இழப்பு இரட்டிப்பு. முதல் வேகமாகச் சுழலும் கடைக்குக் கடனே மேல். ஆனால் வியாபாரம் மந்தமான மாதத்திலும் தவணை கட்ட முடியுமா என்று பார்த்தபிறகே கடன்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. தலைமுறை மாற்றமா, முகமாற்றமா? வண்டி தயாரான மாதமும் ஆண்டும் என்ன?

2. 18 சதவிகித வரியா, 40 சதவிகிதமா? சாலை வரியில் எந்தப் படி?

3. நம் தினசரி ஓட்டத்துக்கு டீசல் பொருந்துமா?

4. சர்வீஸ் திருவண்ணாமலையிலேயே உண்டா?

5. வீட்டு வாசலிலும் மாட வீதியிலும் வண்டி திரும்புமா? பௌர்ணமிக்கு எங்கே நிறுத்துவோம்?

6. தவணை போக, அடுத்த கொள்முதலுக்குப் பணம் இருக்கிறதா?

ஆறுக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். உழைத்துச் சேர்த்தவர் குடும்பத்தோடு சுகமாகப் போவதில் தவறே இல்லை. ஆறாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் இன்னொரு அறுவடை வரை பொறுங்கள். அதற்குள் அந்த வண்டி மறுபடியும் "முற்றிலும் புதியதாக" வந்திருக்கும்.