ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும் நானோ அடுக்குகள்

1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 50 தட்டுகள் இருந்தன. எல்லாவற்றிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் பதிய முடிந்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் டிஸ்க்கில் வீட்டுப் போட்டோக்கள் அனைத்தையும் போட்ட பின்னும் இடம் மிச்சமிருக்கிறது. இது எப்படிச் சாத்தியமானது?

டிஸ்க்கில் டேட்டா சிறு சிறு காந்தப் பகுதிகளாகப் பதிவாகிறது. அதிக டேட்டா வேண்டுமானால் இந்தப் பகுதிகளைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் அவற்றின் காந்தப் புலம் பலவீனமாகிவிடும். பழைய வகை ஹெட்டால் அதைச் சரியாக உணர முடியாது.

இதற்கான வழி 1988-ல் பிறந்தது. பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவினரும், ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க் குழுவினரும் தனித்தனியே ஆய்வு செய்தார்கள். இரும்பையும் குரோமியத்தையும் சில நானோமீட்டர் கனத்தில் மாறி மாறி அடுக்கினார்கள். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. காந்தப் புலத்தில் வைத்ததும் இந்த அடுக்குகளின் மின்தடை எதிர்பாராத அளவுக்குக் குறைந்தது.

காரணம், எலெக்ட்ரானின் 'ஸ்பின்' என்னும் பண்பு. இரண்டு இரும்பு அடுக்குகளின் காந்தத் திசையும் ஒன்றாக இருந்தால், ஒரு வகை ஸ்பின் கொண்ட எலெக்ட்ரான்கள் சுலபமாகக் கடந்துவிடும். திசைகள் எதிரெதிராக இருந்தால், இரு வகையுமே ஏதாவது ஓர் அடுக்கில் தடைபடும்.

ஹெட்டில் ஓர் அடுக்கின் திசையை மாறாமல் நிறுத்தி, இன்னொன்றைத் திரும்பும்படி விட்டார்கள். டிஸ்க்கின் காந்தப் பகுதி அதைத் திருப்பும்போது மின்தடை மாறும். அந்த மாற்றத்திலிருந்துதான் 0, 1 படிக்கப்படுகின்றன.

ஆய்வுக்கூடத்தில் மெதுவாக உருவாக்கிய அடுக்குகளை, 'ஸ்பட்டரிங்' என்ற வேகமான முறையில் செய்யலாம் என்று காட்டியவர் ஐ.பி.எம்.மின் ஸ்டூவர்ட் பார்கின். இயற்பியல், வேதியியல், மெட்டீரியல் சயின்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் இங்கே கைகோத்தன. 1997-ல் இவ்வகை ஹெட்டுடன் 16.8 ஜிபி டிஸ்க் வந்தது. 2007-ல் ஃபெர்ட், குருன்பெர்க் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் நடுவே மின்கடத்தாப் படலம் கொண்ட, இன்னும் நுட்பமான டி.எம்.ஆர். ஹெட்கள் வரத் தொடங்கியிருந்தன.

இனி நாம் கவனிக்க வேண்டியது. இன்றைய டிஸ்க்கில் ஹெட், சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. தலைமுடியின் கனமே பல்லாயிரம் நானோமீட்டர்! எனவே டிஸ்க் ஓடும்போது அசைக்கவோ தட்டவோ கூடாது. 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்க்காமல் உடனே நிறுத்திவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியமான பைல்களுக்கு வேறொரு டிஸ்க்கில் இன்றே ஒரு பேக்கப் எடுத்து வையுங்கள்.