துப்பாக்கியும் அதன் மரக்கட்டையும்

குறி தவறினால் சுடுவோர் தம் கையையே நொந்துகொள்வது வழக்கம். ஹைதராபாத்தில் காற்றுத் துப்பாக்கி பழகும் இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மே மாதத்தில் அவருடைய குண்டுகள் ஒரே இடத்தில் சேர்கின்றன; ஜூலை பிறந்ததும் சிதறத் தொடங்குகின்றன. பயிற்சியை இரட்டிக்கிறார், பயனில்லை. 'இக்கலை நமக்கு வாராது' என்று துப்பாக்கியை உறையிலிட்டு மூடிவிடுகிறார். குற்றம் அவர் கையில் இருக்கலாம். ஆயினும் அவ்வாறு முடிவு செய்யுமுன், இரும்பும் மரமும் சேரும் இடத்தை நாம் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

துப்பாக்கியில் குழலும் இயந்திரப் பகுதியும் இரும்பினால் ஆனவை. அவற்றைத் தாங்குவது மரக்கட்டை. கட்டையில் குடைந்த பள்ளத்தில் இரும்பை அமர்த்தி, சில திருகாணிகளால் இறுக்கியிருப்பார்கள். அவ்விரும்பு எப்பொழுதும் ஒரே விதமாக அமரும்படி பள்ளத்தைச் செப்பனிடுவதற்கு ஆங்கிலத்தில் 'பெட்டிங்' என்று பெயர். படுகை அமைத்தல் என்று நாம் கூறலாம்.

குறி பார்க்கும் கருவி இரும்பின் மீதுதானே இருக்கிறது, மரம் அசைந்தால் என்ன என்று நேயர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியில், விசையை அழுத்தியதும் கனத்த உந்துதண்டு ஒன்று முன்னோக்கிப் பாய்கிறது. குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்பே துப்பாக்கி குலுங்கிவிடுகிறது. அக்குலுக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் தீங்கில்லை, குறிக்கருவியைத் திருத்திக்கொள்ளலாம். இரும்பு இன்று ஓரிடத்திலும் நாளை வேறிடத்திலும் மரத்தைத் தொடுமானால், குலுக்கமும் மாறும். குண்டு செல்லும் இடமும் மாறும்.

மரமோ ஓயாமல் மாறும் பொருள். ஈரத்தை உறிஞ்சினால் குறுக்குவாட்டில் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். நீளவாட்டில் மாறுதல் மிகக் குறைவு. தக்காணத்துக் கோடை கடும் வறட்சியானது. ஜூன் மாதத்தில் பருவமழை வந்ததும் காற்றில் ஈரம் மிகுகிறது. கட்டை பருத்துச் சுருங்க, திருகாணியின் பிடி ஒருகால் இறுகி ஒருகால் தளர்கிறது.

இவ்விடர் பழமையானது. நம் நாட்டுப் பழைய திரித் துப்பாக்கிகளில், நீண்ட குழலைக் கட்டையோடு சேர்த்துத் தோல்வாராலோ கம்பியாலோ உலோகப் பட்டையாலோ பிணைத்திருந்தனர். பிற்காலத்தில் வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையில் செய்த லீ-என்பீல்டு ரைபிள்களில், முன்கட்டை பிளவுபடாதிருக்கக் குறுக்கே ஒரு திருகாணி சேர்த்தனர்.

சிறு வேறுபாடும் இத்துறையில் பெரிது. சென்னையில் 1983ஆம் ஆண்டு பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங், 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 701.1 புள்ளிகள் பெற்று வெண்கலம் வென்றார். வெள்ளி வென்றவர் பெற்றது 701.5. அப்போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டரே.

இவ்வேலையை வீட்டில் செய்ய விரும்புவோர் சட்டத்தை முதலில் அறிதல் நலம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வெடிமருந்துத் துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் தேவை. ஆகவே அதனை உரிமம் பெற்ற தொழிலாளரிடமே ஒப்படைக்க வேண்டும். நாம் இங்குக் கூறுவது, 2016ஆம் ஆண்டின் விதிகளில் உரிமம் வேண்டப்படாத, 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உடைய காற்றுத் துப்பாக்கியைப் பற்றியே.

குண்டு இல்லை, வில் விசையேறவில்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்குக. முதலில் திருகாணிகளைப் பாருங்கள். பல துப்பாக்கிகளின் நோய் தளர்ந்த திருகாணியே. அவற்றை அளவாக இறுக்கினால் வேறு மருந்து தேவைப்படாது. அதன்பின்னும் குண்டுகள் சிதறினால், இரும்பும் மரமும் சேரும் விளிம்பில் விரலை வைத்து, முன்திருகாணியை மெல்லத் தளர்த்துங்கள். இரும்பு மேலெழுவது விரலுக்குப் புலப்பட்டால், அது கோணலாக வளைத்து இறுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பின்னர் இரும்பின் அடியில் கண்மையை மெல்லியதாகத் தடவி, கட்டையில் அமர்த்தி எடுங்கள். மை ஒட்டிய இடங்கள் மேடு. ஒட்டாத இடங்கள் வெற்றிடம்.

மேட்டை உளியாலும் உப்புத்தாளாலும் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். குறைத்த மரம் திரும்பி வாராது. ஆதலின் பொறுமை வேண்டும். வெற்றிடத்தை நிரப்ப, மெதுவாக உறையும் ஈபாக்சிப் பசை ஏற்றது. பள்ளத்தில் ஊறிய எண்ணெயைத் துடைத்து, மரத்தைச் சற்றுச் சொரசொரப்பாக்குங்கள். பசை படக்கூடிய இரும்பு முழுவதிலும், திருகாணிகளிலும் மெழுகு பூசுங்கள். விசைப்பகுதியின் துளைகளையும் சந்துகளையும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். இவ்விரண்டையும் மறந்தால் இரும்பும் மரமும் பிரிக்க இயலாதபடி ஒட்டிக்கொள்ளும்.

பசையை இட்டு இரும்பை அமர்த்தி, திருகாணிகளைப் பிடிக்குமளவு மட்டுமே திருகுங்கள். வலிந்து இறுக்கினால் பழைய கோணலே பசையிலும் பதியும். வழிந்ததைத் துடைத்து ஒரு நாள் முழுதும் அசையாமல் வைத்திருந்து, பிறகு நேராக மேலே தூக்குங்கள். பள்ளத்தில் இரும்பின் வடிவம் பளபளப்பாகப் பதிந்திருக்கும். திருகாணித் துளையைச் சற்று அகலமாக்கி, மரம் நசுங்காதபடி சிறு உலோகக் குழாய் ஒன்றைப் பொருத்துவது மேலும் நன்று. வில் இருக்கும் உருளையை மட்டும் எக்காரணத்தாலும் கழற்றலாகாது. அழுத்தப்பட்ட வில் பாய்ந்தால் பெருங்காயம் நேரும்.

இனி அதே குண்டு, அதே தொலைவு, அதே இருக்கையில் சுட்டு, பழைய தாளோடு புதிய தாளை ஒப்பிடுங்கள். குண்டுகள் நெருங்கினால் குற்றம் மரத்தினுடையது. நெருங்காவிடில் கையைத் திருத்தும் வேலையை ஐயமின்றித் தொடங்கலாம். கருவியைச் சோதிக்காமல் ஓர் இளைஞர் தம் திறமையின் மேல் நம்பிக்கை இழப்பதே உண்மையான நட்டம்.