உடுக்கையும் உத்தியோகமும்

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை, என்னிடம் இலக்கணம் படித்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஆசிரிய நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. நன்னூலிலோ தொல்காப்பியத்திலோ ஏதோ ஐயம் போலும் என்றெண்ணிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். பிள்ளை சிறிது நேரம் நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். பின்பு,

“ஐயா, எந்தச் சேலையை உடுத்துக்கொண்டு போவது?” என்றாள்.

கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். ஆயினும் நான் சிரிக்கவில்லை. சிரித்து விடுவதற்குரிய வினாவன்று அது.

அவளிடம் பருத்திச் சேலையொன்று உண்டு. ஊர்ப் பாடசாலையிலே சம்பளமின்றித் தொண்டராய்ப் படிப்பித்த காலமெல்லாம் அவள் உடுத்தது அது. கரை வெளிறிவிட்டது. “இருட்டிலும் கட்டுவேன், ஐயா” என்றாள். மற்றது அயல்வீட்டு மாமியின் பட்டுச்சேலை. மாமி தாமாகவே கொண்டுவந்து தந்திருக்கிறார். தாயாருக்கு அந்தப் பட்டிலேதான் மனம். “பழஞ்சேலையோடு போனால் வருவாயில்லாத வீட்டுப் பிள்ளையென்று நினைப்பார்கள்” என்பது தாயாரின் வாதம். “வருவாய் இல்லாதபடியால்தானே அம்மா வேலைக்குப் போகிறேன்” என்பது மகளின் மறுப்பு. வழக்கு என்னிடம் வந்தது.

எழுத்துப் பரீட்சையில் இந்தத் தொல்லை இல்லை. 1921 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படிகளாகப் பரீட்சை வகுத்தது. விடைத்தாளைத் திருத்துபவருக்குச் சுட்டெண் ஒன்றே தெரியும். எழுதியவன் வேட்டியோடு எழுதினானா, காற்சட்டையோடு எழுதினானா என்பது தெரியாது. நேர்முகப் பரீட்சையிலோ வாய் திறக்குமுன் உடை பேசத் தொடங்கிவிடுகிறது. அது என்ன பேசுமென்பதும் நம் வசத்தில் இல்லை. இதனை நான் ஏட்டிற் படித்து அறிந்தேனல்லேன், பட்டு அறிந்தேன்.

1993 ஆம் ஆண்டு ஆவணி மாதம். யாழ்ப்பாணத்திலே மின்சாரம் நின்று மூன்றாண்டு கழிந்திருந்தது. பொருளாதாரத் தடையினாற் சவர்க்காரம் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஆனால் பனை எங்களைக் கைவிடவில்லை. பழுத்து விழுந்த பனம்பழத்தைத் தோலுரித்து நீரிலே பிசைந்தால் மஞ்சட் களி நுரைத்து வரும். உடுப்பை அதில் ஊறவைத்துக் கும்மி அலசுவோம். பாட்டன் பாட்டிமார் செய்துவந்த முறைதான், நாங்கள் மறந்திருந்தோம். அழுக்கு ஒருவாறு போய்விடும். மங்கலான பழுப்பு நிறமும் பனம்பழ வாசமும் போகமாட்டா. அந்த வாசம் மனிதர்க்கு எப்படியோ, மாடுகளுக்கு அமுதம். அக்காலத்திற் கொடியில் உடுப்புக் காயப்போட்டவர்கள் பக்கத்திற் காவலும் இருந்தார்கள்.

அடுத்த நாட் காலையில் எனக்கு நேர்முகப் பரீட்சை. இருந்த ஒரே நல்ல வேட்டியைத் தோய்த்துக் கொடியிற் போட்டுவிட்டு, ஆகுபெயர்ச் சூத்திரத்தை மீண்டும் ஒருமுறை பார்க்க உள்ளே போனேன். சூத்திரம் மனத்திற் பதிந்தது. வெளியே வந்தபோது, எங்கள் வீட்டுப் பசு வேட்டியின் ஒரு முனையைக் கண்ணை மூடிக்கொண்டு சுவைத்து நின்றது. சாண் அகலத்துக்குக் கரை கந்தலாயிற்று.

அந்நேரத்தில் வந்து சேர்ந்தார் பெரியப்பா. கந்தோரில் இலிகிதராயிருந்து இளைப்பாறியவர். “மாடு நல்ல காரியம் செய்தது” என்றார். “வேட்டியோடு போனால், நீ பூசைக்கு நாள் குறிக்க வந்தவனென்று நினைத்துவிடுவார்கள். காற்சட்டை போடு” என்று சொல்லி, கனடாவுக்குப் போன தம் மகனின் காற்சட்டையை எடுத்துவந்து தந்தார். அருமையான துணி. சிரட்டைக்கரி இட்ட இஸ்திரிப் பெட்டியாலே பெரியம்மா தம் கையாலேயே மடிப்புப் பிடித்துத் தந்தார். ஒரே ஒரு குறை. இடுப்பு எனக்கு நாலு விரற்கடை பெரிது. இறுக்குவதற்குப் பட்டி இல்லை. சணற்கயிறு ஒன்றை உள்ளே கட்டி, அதன்மேற் சட்டையை இறக்கிவிட்டேன்.

ஏழு மைல் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்ந்தேன். கயிறு பாதி வழியிலேயே தளர்ந்துவிட்டது. உள்ளே மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். எனக்கு நாற்காலி காட்டப்படவில்லை, நின்றேன். தானியாகுபெயர் எது என்று கேட்டார் ஒருவர். ‘பாலை இறக்கு’ என்னும்போது, உள்ளிருக்கும் பாலின் பெயர் அதனைக் கொண்ட பாத்திரத்துக்கு ஆகிவருதல் என்று விடை சொன்னேன். விடையில் வழுவில்லை. ஆனால் காற்சட்டை இறங்கத் தொடங்கிற்று. இடக்கை இடுப்புக்குப் போயிற்று. எடுத்தேன், மீண்டும் போயிற்று. அடுத்த வினாவுக்குள் வலக்கையும் அதற்குத் துணையாயிற்று. நடுவில் இருந்தவர் எழுதுகோலை வைத்துவிட்டு என்னை உற்று நோக்கினார்.

“தம்பி, பெரியவர்கள் முன்னிலையில் இடுப்பிலே கைவைத்து நிற்பதுதான் நீர் படித்த மரியாதையோ?”

என்ன சொல்வது? காரணத்தைச் சொன்னால் மானம் போகும். கையை எடுத்தால் அதனினும் விரைவாகப் போகும். பேசாமல் நின்றேன். உத்தியோகம் வேறொருவருக்குப் போயிற்று. உள்ளிருக்கும் பொருளின் பெயர் பாத்திரத்துக்கு ஆவதே தானியாகுபெயர். அன்றோ, பாத்திரத்தின் குற்றம் உள்ளிருந்த எனக்கு ஆயிற்று. அதற்கு நன்னூலார் பெயரிடவில்லை.

திருவள்ளுவர் நட்புக்கு உவமை தேடியபொழுது, உடை நெகிழ்ந்தவனுடைய கையைக் காட்டினார். அது அவையிடத்தே நேர்ந்ததென்று பரிமேலழகர் உரை விரிக்கும். ஒருவர் ஏவாமலே கை விரைந்து சென்று உதவுகின்றது, நண்பனும் அவ்வாறே. இந்தக் குறளை நான் எத்தனையோ வகுப்பிற் படிப்பித்திருக்கிறேன். அன்று அந்த அறையிலேதான் அதன் பொருளை முழுதும் உணர்ந்தேன். என் கை எனக்கு உற்ற நண்பனாகவே நடந்துகொண்டது. உத்தியோகத்துக்கு அது பகையாய் முடிந்தது கையின் குற்றமன்று. ஆதலால் என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான்: உடுத்தவனுடைய கையைக் கூப்பிடாத உடையே நேர்முகப் பரீட்சைக்கு ஏற்ற உடை. பட்டோ பருத்தியோ, வேட்டியோ காற்சட்டையோ, அது இரண்டாவது பேச்சு.

இரண்டாவது பேச்சையே முதலாவதாக்கிப் பேசியவர்களும் உளர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இலங்கையிற் கனிப்பொருள் ஆய்வுப் பணியின் தலைவராய் இருந்த காலத்தில், 1905 ஆம் ஆண்டிலே, ‘இரவல் இறகுகள்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நம்மவர் ஐரோப்பிய உடைக்கு மாறுவதைக் கண்டு மனம் நொந்து எழுதியது அது. தலைப்பு மிக நன்று. ஆயினும் என் அநுபவத்தை வைத்துப் பார்த்தால் ஒரு வேற்றுமை உண்டு. என்னை வீழ்த்திய காற்சட்டையின் குற்றம் அது மேல்நாட்டது என்பதன்று. பெரியப்பா மகனுடையது என்பதே. பிறனுடைய பட்டு வேட்டியும் அதே வேலையைச் செய்திருக்கும்.

மானத்துக்காக உடையைப் பற்றிப் போராட வேண்டிய இடமும் உண்டு. காந்தியடிகள் 1893 இல் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் நீதிமன்றமொன்றுக்குச் சென்றபோது, தலைப்பாகையைக் கழற்றுமாறு நீதிபதி பணித்தார். அவர் மறுத்து வெளியேறினார். மறு ஆண்டு நேற்றால் உயர்நீதிமன்றத்திலே வழக்கறிஞராகப் பதிவு பெறச் சென்றார். பிரதம நீதியரசர் அதையே கேட்டார். இம்முறை கழற்றிவிட்டார். நண்பர்களுக்கு மனத்தாங்கல். இதனினும் பெரிய போர்களுக்கு வலிமையைச் சேர்த்துவைக்க எண்ணினாராம். முன்னையதும் காந்திதான், பின்னையதும் காந்திதான். எந்த வாயிலில் எதற்காக நிற்கிறோம் என்பதை அறிந்து முடிவு செய்தவர் அவர். நம் நாட்டிலும் 2022 நவம்பரிலே ஆசிரியைகள் சிலர் சேலையன்றி வேறு உடையில் பாடசாலைக்குச் சென்றதும், அது பெரு விவாதமானதும் வாசகர் அறிந்ததே. அதில் என் கருத்தைச் சொல்ல இது இடமன்று. நேர்முகப் பரீட்சைக்குப் போகும் ஏழைப் பிள்ளையிடம் அந்தப் போரையும் சேர்த்து நடத்து என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இது நிற்க. நான் எப்பொழுதும் மேசைக்கு வெளியே நின்றவனல்லேன். வயதும் பட்டமும் ஏறிய பின்னர் மேசைக்கு உள்ளே இருக்கும் வாய்ப்பும் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு குழுவில் இருந்தேன். மலையகத் தோட்டமொன்றிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். பங்குனி வெயிலிலே கறுப்புக் கோட்டு அணிந்திருந்தான். கைநீளம் விரல்நுனி வரையில் இறங்கி நின்றது. அதை மேலே தள்ளுவதும், அது இறங்குவதும், மறுபடி தள்ளுவதுமாக இருந்தான். சிலப்பதிகாரத்திற் கேட்டேன், தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை. நெற்றி வியர்வை கண்ணில் வழிந்தது. புள்ளித்தாளிலே தோற்றத்துக்கென்று ஒரு நிரல் இருந்தது. பத்துக்கு மூன்று இட்டேன். ‘நிதானமில்லை’ என்று ஒரு குறிப்பும் எழுதினேன்.

மாலையில் பஸ்ஸில் திரும்பும்போதுதான் என் இடக்கை நினைவுக்கு வந்தது. அவன் கோட்டைக் கழற்றிவிட்டு இருக்கும்படி ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். மின்விசிறி அவன் பக்கம் திரும்பவில்லை; திருப்பியிருக்கலாம். புள்ளித்தாள் முத்திரையிடப்பட்டுப் போய்விட்டது. அவன் தெரிவாகவில்லை. என் மூன்று புள்ளியினால்தான் அவ்வாறாயிற்றோ என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை என்பதே சரி.

பொருநராற்றுப்படையை அடுத்த நாள் வகுப்பிற் படிப்பிக்கும்போது எனக்கு நாக் குழறிற்று. கரிகாற் பெருவளத்தானிடம் ஒரு பொருநன் போகின்றான். அவன் உடை எப்படிப்பட்டது? ஈரும் பேனும் குடியிருப்பது, வியர்வையில் ஊறியது, கிழிசலை வேறு நூலினால் தைத்துத் தைத்து, மூல இழை எதுவென்று தெரியாமற் போனது. அந்தக் கந்தலோடு, காவலனிடம் கேளாமலே வாயிலைக் கடந்து உள்ளே போனான். நாடி வந்தவரைத் தடுக்காத வாயில் அது. அரசன் என்ன செய்தான்? உறவினனை எதிர்கொண்டவன்போல இன்சொற் பேசினான். தன் கண்ணுக்கு அணிமையில் இருத்தினான். கண்ணாற் பருகுவான் போலப் பார்த்தான். அதற்குப் பின்புதான் கந்தல் நீங்கிற்று. இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத, பாம்பின் சட்டை போன்ற நுண்ணிய ஆடை வந்தது. முடத்தாமக்கண்ணியார் இந்த ஒழுங்கிலேதான் பாடியிருக்கிறார். இருக்கை முன்னே, பார்வை அதன் பின்னே, ஆடை அதற்கும் பின்னே. நாங்கள் மூவர் மேசைக்குப் பின்னால் இருந்து அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினோம்.

என் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மறு ஆண்டு வேறோரிடத்தில் அழைத்தார்கள். மாடு சப்பிய கரையை உள்மடிப்பில் மறைத்து, அதே வேட்டியை உடுத்துப் போனேன். கை தன் இடத்தில் இருந்தது. உத்தியோகமும் கிடைத்தது. வேட்டியினால் கிடைத்ததென்று எவரும் எண்ணிவிடலாகாது. வெற்றிடம் இரண்டு; போனவர் மூவர்.

மாணவிக்கு என் தீர்ப்பைச் சொன்னேன். பருத்திச் சேலையைத் தோய்த்துக் கஞ்சி போடு. முதல் நாளே உடுத்து ஒருமணி நேரம் வீட்டில் நட, இரு, எழும்பு, சுவரிலே ஒருவரி எழுதிப் பார். பழகிய செருப்பைப் போடு. கை எங்கும் போகாவிட்டால் அதுவே உனக்குரிய உடை. பிள்ளை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுத் தலையசைத்துப் போனாள்.

பத்து நாள் கழித்து மீண்டும் வந்தாள். முடிவு இன்னும் வரவில்லை. வினாக்கள் எளியனவாம், நாற்காலி தந்தார்களாம்.

“பருத்திச் சேலைதானே?” என்றேன்.

“இல்லை, ஐயா. பட்டுத்தான். மாமி விடியவே வந்து நின்றா. அவவின் முகத்தைப் பார்க்க மறுக்க மனம் வரவில்லை.”

“கை போகவில்லையா?”

“எப்படிப் போகும்? ஏழு பின் குத்தியிருந்தேன், ஐயா.”