இறங்கும் வழிக்கான மூட்டை

கொலராடோவின் தென்மேற்கில் உள்ள சான் வான் மலைகளுக்குச் செப்டம்பரில் மான் வேட்டைக்குப் புறப்படுகிறவர், பொருள் சேர்க்கும்போது பெரும்பாலும் ஆயுதத்தில்தான் தொடங்குகிறார். பிறகு பைனாகுலர், உடுப்பு, கூடாரம் என்று பட்டியல் நீள்கிறது. முதுகுப்பையும் கறி கட்டும் துணிப்பைகளும் கடைசியில், கையில் மிஞ்சிய பணத்துக்குத் தக்கபடி வாங்கப்படுகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. மான் விழுந்த பிறகு வரும் இரண்டு நாட்களுக்கு என்ன தேவை என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து மற்ற பொருட்களைத் தேர்ந்தெடுப்பதே சரி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். கொலராடோவில் அது எண்ணிக்கை வரையறுத்து, பெரும்பாலும் குலுக்கல் முறையில் கொடுக்கப்படும் உரிமத்தின் பேரில் நடக்கிறது. அந்த உரிமத்தோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது: கொன்ற விலங்கின் உண்ணத்தக்க இறைச்சியை வீணாக விடுவது அங்கே சட்டப்படி குற்றம். நான் சொல்லப்போவது முழுவதும் இந்தக் கடமையிலிருந்தே கிளைக்கிறது.

இங்கே தேடப்படும் விலங்கு மியூல் டியர் எனப்படும் பெருங்காது மான். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு உரியது; நன்கு வளர்ந்த கிடா 70 முதல் 120 கிலோ வரை இருக்கும். கோடையில் கிடாக்கள் சிறு கூட்டங்களாகச் சேர்ந்து, மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே ஏறிவிடுகின்றன. சான் வான் பகுதியில் அந்த உயரம் ஏறத்தாழ 3,500 மீட்டர். பனி உருகிய ஈரத்தில் முளைக்கும் இளஞ்செடிகள் அங்கே கிடைக்கும், ஈத்தொல்லை குறைவு. குளிர்காலத்துக்கு முன் வரும் இணைசேர் காலத்துக்கான கொழுப்பை அங்கே மேய்ந்துதான் சேர்க்கின்றன. வளரும் கொம்பின்மேல் மென்மயிர்த் தோல் மூடியிருக்கும் வரை அவை திறந்த சரிவுகளிலேயே நடமாடும். ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையில் அந்தத் தோல் உரிந்ததும், கூட்டம் மெல்லக் கலைந்து மரங்களுக்குள் ஒதுங்கத் தொடங்கும். ஆகவே கிடாக்களைக் கண்ணால் கண்டுபிடிக்க மிக வாய்ப்பான காலம் இலையுதிர்காலத்தின் இந்தத் தொடக்கம்தான். அதற்கு ஈடாக இரண்டு தொல்லைகள் சேர்ந்து வருகின்றன. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ பனி விழுந்தால் மான்கள் தாமாகவே கீழே இறங்கிவிடும், கறியும் வெளிக்காற்றிலேயே குளிர்ந்துவிடும். ஆனால் செப்டம்பரில் மான் நிற்பது சாலையிலிருந்து மிகத் தொலைவில். வெயில் அடிக்கும் பகலில் வெப்பமோ 20 டிகிரி செல்சியஸை நெருங்கும். தொலைவும் வெப்பமும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பதால், பிந்தைய பருவத்துக்காகத் தயாரித்த பொருட்பட்டியல் இதற்கு உதவாது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பது நல்லது. எலும்பு நீக்கிய பிறகு ஒரு பெரிய கிடாவில் சுமார் 30 கிலோ கறி தேறும். கூடாரம், படுக்கை, அடுப்பு, உடுப்பு, ஆயுதம் எல்லாம் சேர்ந்து 16 கிலோ என்று வைத்துக்கொண்டால், கீழே இறங்க வேண்டிய மொத்த எடை 46 கிலோ. வண்டி நிற்கும் இடம் 8 கிலோமீட்டர் தொலைவில் என்று கொள்வோம். ஒரு நடைக்கு 25 கிலோ சுமக்க முடிந்தால் இரண்டு நடையில் வேலை முடியும்: சுமையோடு 8, வெறுங்கையோடு திரும்பி 8, மறுபடி சுமையோடு 8, ஆக 24 கிலோமீட்டர். பை 15 கிலோதான் தாங்கும் என்றால் நான்கு நடை, 56 கிலோமீட்டர். கடல்மட்டத்தில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான காற்றழுத்தத்தில், தடம் இல்லாத சரிவில், 24 கிலோமீட்டரை ஒன்றரை நாளில் நடந்துவிடலாம். 56 கிலோமீட்டருக்கு மூன்று நாளாவது ஆகும். கடைசி நடைக்கான கறி அந்த மூன்று பகலும் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரலாமே என்றால், சான் வான் மலைகளில் உள்ள வெமினூச் போன்ற காப்பு வனங்களில் அதற்கு வழியில்லை. 1964ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி அங்கே மோட்டார் வாகனத்தோடு மிதிவண்டி, கையால் தள்ளும் வண்டி உட்படச் சக்கரம் வைத்த போக்குவரத்துக்கெல்லாம் தடை. மனித முதுகு, அல்லது குதிரையின் முதுகு, இவை இரண்டுதான்.

அதனால் பட்டியலின் முதல் வரி முதுகுப்பை. அதிலும் பையைவிட அதன் சட்டகமே முக்கியம். அலுமினியத்திலோ கார்பன் இழையிலோ செய்த விறைப்பான சட்டகம், சுமையின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்க வேண்டும். தோள்பட்டைகள் சுமையைப் பின்னால் சாயாமல் இழுத்துப் பிடித்தால் போதும். சட்டகத்துக்கும் பைக்கும் இடையே கறி மூட்டையை வைத்து இறுக்கிக் கட்ட இடம் இருக்க வேண்டும். சுமை முதுகோடு ஒட்டியிருந்தால்தான் சரிவில் உடம்பைப் பின்னுக்கு இழுக்காது. இப்படிப்பட்ட பை வெறுமனே 2.5 முதல் 3.5 கிலோ எடை இருக்கும். நெடுந்தூர நடைப்பயணிகள் இதை ஏற்கமாட்டார்கள். ஒரு கிலோப் பை கிடைக்கும்போது ஏறும் வழி முழுவதும் இரண்டு கிலோவை ஏன் வீணாகச் சுமக்க வேண்டும் என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதான். நடைப்பயணியின் மூட்டை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போவது. உணவு தீரத் தீரப் பை லேசாகும். வேட்டைக்காரரின் மூட்டை நான்கைந்து நாள் குறைந்துவிட்டு, ஒரு மாலையில் திடீரென்று மூன்று மடங்காகிறது. மேலே சொன்ன கணக்கில், கூடுதலாகச் சுமந்த அந்த இரண்டு கிலோ 32 கிலோமீட்டர் நடையை மிச்சப்படுத்துகிறது. குறைக்க வேண்டிய எடையைக் கூடாரத்திலும் அடுப்பிலும் மாற்றுடையிலும் குறைக்கட்டும். சட்டகத்தில் கைவைக்க வேண்டாம். ஊன்றுகோல் ஒரு ஜோடியையும் நான் இதனோடு சேர்ப்பேன். இறங்கும்போது முழங்காலில் விழும் பாரத்தைக் குறைக்கும், கூடாரத்துக்குக் கம்பாகும், குறிபார்க்கும்போது தாங்கலுமாகும். காலணியிலும் இதே நியாயம்தான். ஓட்டக் காலணி ஏறுவதற்குச் சுகம். ஆனால் 25 கிலோவோடு சரளைச் சரிவில் குறுக்காக நடக்கும்போது, மடங்காத அடிப்பாகமும் கணுக்காலைப் பிடிக்கும் உயரமும்தான் சறுக்காமல் காப்பாற்றும்.

அடுத்தது கறியைக் காப்பாற்றும் சாமான்கள். மொத்தமாக ஒரு கிலோகூட வராது. ஆனாலும் அதிகமாக அலட்சியப்படுத்தப்படுபவை இவையே. மானின் உடல் வெப்பம் 38 டிகிரிக்கு மேல். பாக்டீரியா வேகமாகப் பெருகுவது 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். தோலும் கொழுப்பும் போர்த்திய பின்னந்தொடை தன் சூட்டை வெளியே விடாது. இடுப்பு மூட்டை ஒட்டிய எலும்பைச் சுற்றித்தான் கறி முதலில் கெடும். இரவு எப்படியும் உறைநிலைக்குப் போகுமே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். வெளியே உறைந்தாலும் தோல் உரிக்காத தொடையின் உள்பகுதி விடியும் வரை சூடாகவே இருக்கலாம், அந்த நேரம் கெட்டுப்போகப் போதும். எனவே விழுந்த இடத்திலேயே உடனே தோலுரித்து, வயிற்றைத் திறக்காமலே ஒரு பக்கத்து முன்சப்பை, பின்னந்தொடை, முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் நீளச் சதை, கழுத்துக்கறி ஆகியவற்றை எடுத்துவிட்டு, உடலைப் புரட்டி மறுபக்கமும் அதையே செய்ய வேண்டும். இதற்கு ரம்பம் தேவையில்லை. கையடக்கமான ஒரு கத்தி, ஒரு சிறு சாணைக்கல், ரப்பர் கையுறை போதும். அலகு மாற்றும் கத்திகள் மிகக் கூர்மையானவை. ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் அலகு ஒடிந்து கறிக்குள் மாட்டிக்கொள்ளும், ஆகவே மூட்டுகளில் வேலை செய்ய ஒடியாத கத்தி ஒன்று கட்டாயம் வேண்டும். வெட்டிய கறியை நெருக்கமாக நெய்த, காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு நிழலில், வடக்கு பார்த்த சரிவில், காற்று படும்படி தொங்கவிட வேண்டும். மேற்புறம் உலர்ந்து ஏடுபோல் இறுகிவிட்டால் ஈ முட்டையிடுவதும் கடினம். பிளாஸ்டிக் பை சூட்டையும் ஈரத்தையும் உள்ளேயே அடைத்துவைத்துக் கறியைப் பாழாக்கும். கருங்கரடிகள் உள்ள காடு என்பதால் 15 மீட்டர் கயிறும் வேண்டும். தொங்கவிடும் இடம் கூடாரத்திலிருந்து தள்ளியே இருக்கட்டும். பெருங்காது மான் மேய்வது விடியலிலும் அந்தியிலும். அந்தியில் விழுந்த மானை இருட்டில்தான் அறுக்க வேண்டியிருக்கும். எனவே நெற்றிவிளக்கும் அதற்கு மாற்று பேட்டரியும் கறிச் சாமான்களில் சேர்ந்தவை.

எலும்பை மலையிலேயே விட்டுவருவதற்கு எடை மட்டும் காரணமல்ல. மான் இனங்களைத் தாக்கி, மெலியவைத்துக் கொல்லும் பிரியான் நோய் ஒன்று 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் இருந்த ஆய்வு வளாகத்தில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. இன்று அது காட்டு மான்களிலும் பரவியிருக்கிறது. நோய்க்காரணியான பிரியான் என்னும் பிறழ்ந்த புரதம் மூளையிலும் தண்டுவடத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் மிகுதியாகச் சேரும். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லாவிட்டாலும், நோய் உறுதியான விலங்கின் கறியை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. முதுகெலும்பை அறுக்காமல் சதையை மட்டும் பிரித்தெடுக்கும் முறை இங்கே இரட்டை நன்மை தருகிறது. பரிசோதனைக்கான கணுக்கள் தலையின் பின்புறம் இருப்பதால் தலையையும் கீழே கொண்டுவர வேண்டியிருக்கலாம். கறியோடு பாலின அடையாளம் ஒட்டியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இரண்டையும் மனதில் வைத்தே சுமையைக் கணக்கிட வேண்டும்.

சுட்டால்தானே கறி, அப்படியானால் ஆயுதம்தானே முதலில் வர வேண்டும் என்பது இதற்கு வரும் வலுவான ஆட்சேபம். ஆயுதம் அவசியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அதைத் தேர்வதில் இன்று பெரிய சிக்கல் மிச்சமில்லை என்பதே என் பதில். செப்டம்பர் உரிமங்களில் பெரும்பாலானவை வில்லுக்கும், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கிக்கும் உரியவை. உயர்மலையின் சில பகுதிகளில் மட்டும் சிறு எண்ணிக்கையில் ரைபிள் உரிமம் கிடைக்கும். உரிமமே ஆயுத வகையைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. ரைபிளிலும் 1906இல் வந்த .30-06, 1925இல் வந்த .270 வின்செஸ்டர் ஆகிய தோட்டாக்களே மானுக்குத் தாராளமாகப் போதும். வீட்டில் இருக்கும் துப்பாக்கியில் நன்றாகப் பழகியவர் புதியது வாங்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது குண்டின் உலோகம். ஈயக் குண்டு உடலுக்குள் சிதறும்போது, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து தள்ளியுள்ள சதையிலும் போய்த் தங்கிவிடும். செம்புக் குண்டு பெரும்பாலும் சிதறாமல் விரிந்து செல்லும். குடும்பத்தோடு உண்ணப்போகிற கறிக்கு அதுவே தகுந்தது. ஆயுதத்தில் மிச்சமாகும் பணத்தைப் பைனாகுலருக்குத் தரலாம். 10 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் கொண்டதை ஒரு சிறு முக்காலியில் நிறுத்தினால், ஒரு பாறையில் உட்கார்ந்தபடியே எதிர்ச்சரிவு முழுவதையும் துழாவலாம். கால்கள் ஏறி அலைய வேண்டிய வேலையைக் கண்கள் செய்துவிடும். அந்தத் தெம்பு சுமை இறக்கும் நாளுக்கு மிஞ்சும்.

உடுப்பில் நிறக்கோலத்துக்குச் செலவழிப்பது எனக்கு வீணாகவே படுகிறது. மான்களின் கண்ணில் இருவகை நிறமுணர் செல்களே உள்ளன. நீலத்தை நன்றாக உணரும் அவற்றுக்கு ஆரஞ்சும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். இதனால்தான் துப்பாக்கி வேட்டைக்காரர்கள் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிய வேண்டும் என்ற கொலராடோ விதியால் வேட்டை கெடுவதில்லை. மனிதரைக் காட்டிக்கொடுப்பது அசைவும் மணமும். பகல் வெயிலில் காற்று சரிவில் மேலேறும், அந்தியில் கீழிறங்கும். இதைச் சோதிக்க ஒரு சின்னப் பொடிப்புட்டி போதும். வெதுவெதுப்பில் மட்டும் எடைக்கணக்குப் பார்க்கக் கூடாது. செப்டம்பரிலும் அங்கே திடீர்ப்பனி விழும். பருத்தி நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். உடலோடு மெல்லிய மெரினோ கம்பளி, அதன்மேல் ஃபிளீஸ், உட்கார்ந்து பார்க்கும் நேரத்துக்குத் தூவிச்சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் மழைச்சட்டை. உறைநிலைக்கும் சற்றுக் கீழே தாங்கும் தூக்கப்பை. குளிரில் தூங்காமல் விழித்துக் கிடந்தவரால் மறுநாள் 25 கிலோ சுமக்க முடியாது. எனவே படுக்கையும் இறங்கும் வழிக்கான சாமானே. அலைபேசிக்குக் கோபுரம் எட்டாத இடம் என்பதால், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று தனியாகப் போகிறவருக்குக் கட்டாயம்.

குதிரை அமர்த்திக்கொண்டால் இத்தனை கணக்கும் தேவையில்லையே என்று கேட்கலாம். பணம் உள்ளவருக்கு அது நல்ல வழி. முன்கூட்டியே பேசி வைத்தால் கறி பழுதின்றி இறங்கும். ஆனாலும் குதிரைக்காரர் மறுநாள்தான் வரக்கூடும், குதிரை நடமாடும் தடம் வரைக்கும் கறியைக் கொண்டுவருவது வேட்டைக்காரர் பொறுப்பு. முதல் இரவின் அறுப்பும் ஆறவைப்பும் எப்படியும் அவருடையவை. பையும் துணிப்பைகளும் அப்போதும் வேண்டும், தொலைவுதான் குறைகிறது. பை வாங்குவதை ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடாமல் கோடைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. தண்ணீர்க் கேன்களைக் கட்டிக்கொண்டு பக்கத்துக் குன்றில் ஏறி, உச்சியில் நீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கினால் முழங்கால் கெடாமல் பலம் சேரும். ஓரிரு முறை மட்டும் 25 கிலோவையும் கொட்டாமல் சுமந்தே இறங்கிப் பார்க்க வேண்டும். இடுப்புப் பட்டை எங்கே உரசுகிறது, சட்டகம் முதுகின் நீளத்துக்குப் பொருந்துகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பொருந்தாவிட்டால் கடையில் மாற்றிக்கொள்ளவும் அவகாசம் இருக்கும்.